கோடு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிள்ளானில் என் மாமியார் வீட்டில் மதியச் சாப்பாடு. மீன் குழம்பு, நெத்திலி சம்பல், கீரை. சாப்பிட்டு முடித்துக் கை காய்கிற நேரத்தில் பெரிய மாமா பேச்சை எடுத்தார். என் கொழுந்தனுக்கு நவம்பரில் கல்யாணம். பெண்ணும் வேலைக்குப் போகிறவள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் எங்கடா இருக்கப் போறீங்க?"

கொழுந்தன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஷா ஆலாம் பக்கம் ஒரு கொண்டோ பார்த்திருக்கோம் பெரியப்பா" என்றான்.

கொஞ்ச நேரம் காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது. அத்தை எழுந்து தட்டுகளை அடுக்க ஆரம்பித்தார். பெரிய மாமா விடவில்லை. "மூத்தவன் போயிட்டான். இப்ப இளையவனும் போறேங்கிறான். அந்தக் காலத்துல விசு ஒரு படம் எடுத்தாரே, சம்சாரம் அது மின்சாரம். உங்களையெல்லாம் வரிசையா உட்கார வச்சு அதைப் போட்டுக் காட்டணும். குடும்பம்னா என்னன்னு அப்பத்தான் தெரியும்."

மூத்தவன் என் கணவர். 'போயிட்டான்' என்பது 2022-இல் நாங்கள் இருவரும் செத்தியா ஆலாமுக்கு வீடு மாறியது. சாலையில் நெரிசல் இல்லாவிட்டால் 20 நிமிடம். ஆனால் பெரிய மாமா சொல்லும்போது நாங்கள் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிவிட்ட மாதிரி இருக்கும்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. வாயை வைத்துத்தானே பிழைப்பு. "மாமா, அந்தப் படம் எப்படி முடியும்னு ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? நடுவீட்டுல கோடு போடுவாரு. அப்புறம் எல்லாரும் ஒண்ணு சேர்ந்துடுவாங்க. சுபம்."

ஒன்று சேர்வார்கள், உண்மைதான். ஆனால் படம் அங்கே முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் அதற்கு மேல் பேச எனக்குத் துணிவு வரவில்லை. அதனால் இந்த வாரம் இங்கே பேசுகிறேன்.

விசுவின் முழுப் பெயர் மீனாட்சிசுந்தரம் ராமசாமி விஸ்வநாதன். 1945 ஜூலை 1-ஆம் தேதி பிறந்தவர். என் வயதுக்காரர்களுக்கு அவரை முதலில் தெரிந்தது அரட்டை அரங்கம் நடத்துபவராகத்தான். ஆஸ்ட்ரோவில் சன் டிவி வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டில் பெரியவர்கள் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். தடித்த குரல், கையில் மைக், முன்னால் ஊர் மக்கள். அவர் சினிமாவில் நடித்தவர் என்பது பிறகு தெரிந்தது. அதையெல்லாம் எழுதியவரும் அவர்தான் என்பது அதற்கும் பிறகு.

அவர் மேடையிலிருந்து வந்தவர். சென்னையில் அலுவலகம் விட்டு வந்து ஒத்திகை பார்த்து, வாரக் கடைசியில் சபாக்களில் நாடகம் போட்ட தலைமுறை ஒன்று இருந்தது. அந்த நாடகங்களின் மேடையைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரு கூடம். நடுவில் நாலு நாற்காலி, ஓரத்தில் தொலைபேசி. ஒரு பக்கம் வாசல். இன்னொரு பக்கம் சமையலறை. அது கண்ணுக்குத் தெரியாது, உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும். வெளியே நடப்பது எதையும் காட்ட முடியாது. வாசல் வழியாக உள்ளே வருகிறவர்தான் வாயால் சொல்ல வேண்டும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு நடிகர் முகத்தில் ஓடும் உணர்ச்சி தெரியாது, வார்த்தைதான் போய்ச் சேர வேண்டும்.

விசுவின் படங்கள் பெரும்பாலும் அந்தக் கூடத்தை விட்டு வெளியே போவதில்லை.

முதலில் அவர் நாடகங்கள்தான் படமாயின. அவருடைய 'பட்டினப்பிரவேசம்' நாடகத்தை கே.பாலசந்தர் 1977-இல் படமாக எடுத்தார். கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்து சிதறிப்போகும் ஒரு குடும்பம். டெல்லி கணேஷ் சினிமாவுக்கு வந்தது அந்தப் படத்தில்தான். பாலசந்தரிடம் விசு உதவியாளராகவும் இருந்தார். பாலசந்தரும் மேடையிலிருந்து வந்தவர் என்பதால் இருவருக்கும் ஒத்துப் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு வந்தது 1981. அந்த ஒரு வருடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தில்லுமுல்லு படத்துக்கு வசனம் விசு. மீசையை வைத்து ஒரு மனிதர் தன் முதலாளியை ஏமாற்றும் கதை. நம்மில் பலருக்கு மனப்பாடம். நெற்றிக்கண் படமும் அவர் எழுத்து. பெண்கள் பின்னால் அலையும் அப்பா, அவரைத் திருத்தப் பார்க்கும் மகன், இரண்டும் ரஜினி. குடும்பம் ஒரு கதம்பம் படத்துக்கு எழுதி, நடிக்கவும் செய்தார். மூன்றும் ஒரே வருடம். ஒன்று கலகலப்பு, ஒன்று சூடு, ஒன்று மாதச் சம்பளக் குடும்பங்களின் பாடு. ஆனால் மூன்றிலும் விஷயம் வீட்டுக்குள்தான் நடக்கிறது. மேலே இருந்து ஒரு பெரியவர் அதிகாரம் செய்கிறார், கீழே இருப்பவர்கள் அவரைச் சமாளிக்க வழி தேடுகிறார்கள். இது அலுவலகமா குடும்பமா என்பது மட்டும் மாறும்.

1982-இல் மணல் கயிறு. எட்டு நிபந்தனை போட்டுப் பெண் தேடும் கிட்டுமணியாக எஸ்.வி.சேகர். அத்தனை நிபந்தனைக்கும் பொருந்துகிறாள் என்று பொய் சொல்லிக் கல்யாணத்தை நடத்தி வைக்கும் நாரதர் நாயுடுவாக விசு. இன்று கல்யாணச் செயலிகளில் 'பெண் எப்படி இருக்க வேண்டும்' என்று பட்டியல் போடும் இளைஞர்களுக்கு அந்தப் படத்தைப் பரிந்துரைக்கிறேன். பார்த்த பிறகு பட்டியலைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்வார்கள்.

நான் ஊடகத் துறையில் பட்டம் படித்தபோது, திரைக்கதை வகுப்பின் முதல் பாடம் 'சொல்லாதே, காட்டு' என்பது. ஒருநாள் விரிவுரையாளர் 'எப்படி எழுதக் கூடாது' என்பதற்கு விசு படம் ஒன்றிலிருந்து ஒரு காட்சியைப் போட்டார். ஏழு பேர் வரிசையாக நின்று பேசுகிறார்கள். கேமரா அசையவே இல்லை. வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டில் எத்தனையோ தடவை பார்த்த படம் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

வானொலிக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆன பிறகு எனக்கு வேறொன்று பிடிபட்டது. விசு படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கலாம். அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டால் போதும். யார் வந்தார், யார் முகம் சுளித்தார், யார் எதை மறைக்கிறார் எல்லாம் காதிலேயே தெரியும். குடும்பப் படம் பார்க்கும் குடும்பத்தில் அம்மா எப்போது முழுதாக உட்கார்ந்து படம் பார்த்தார்? பாதி அடுப்படியில்தானே. அப்படிப்பட்டவர்களுக்கும் முழுப் படம் கிடைத்தது. 'படம் பிடித்த நாடகம்' என்று அவரைக் குறை சொல்வது தப்பில்லை. ஆனால் என்னைப் போல் குரலை மட்டும் வைத்து மூன்று மணி நேரம் ஆட்களைப் பிடித்து வைக்க வேண்டியவர்களுக்கு, அவர் எழுத்து ஒரு பாடப் புத்தகம்.

இன்னொன்று, கணக்கு. அவர் எழுதிய வீடுகளில் பணம் எப்போதும் ரூபாயில் பேசப்படும். யார் எவ்வளவு சம்பாதிக்கிறார், வீட்டுக்கு எவ்வளவு கொடுக்கிறார், யார் கடன் பாக்கி, எல்லாம் தெரிந்துவிடும். மற்ற படங்களில் பாசம் பேசும் இடத்தில் இவர் பில்லை எடுத்து வைப்பார். சண்டைக்கு வெறும் அகங்காரம் காரணமாக இருக்காது. பால், அரிசி, ஒரு அறை, ஒரு பரீட்சை என்று கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய காரணம் இருக்கும்.

'சம்சாரம் அது மின்சாரம்' அப்படித்தான். 1986, ஏவி.எம். தயாரிப்பு. ஆனால் கதை அதைவிடப் பழையது. 'உறவுக்கு கை கொடுப்போம்' என்ற விசுவின் நாடகம் அது. 1975-லேயே ஒரு முறை படமாகி, எடுபடாமல் போனது. ஒரு தடவை தோற்ற கதையைப் பத்து வருடம் கழித்துத் திரும்ப எடுத்து, எழுதி, இயக்கி, தானே நடிக்கவும் செய்தார். எழுதுகிறவர்களுக்குத் தெரியும், தோற்ற கதையை மறுபடி கையில் எடுப்பது எவ்வளவு கஷ்டமென்று. தேசிய விருதும் கிடைத்தது. நல்ல பொழுதுபோக்கைத் தரும் ஜனரஞ்சகப் படத்துக்கான விருது. தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம் என்று நாலு மொழிக்குப் போனது. எல்லா ஊரிலும் அதே கூடம், அதே சண்டை.

மறந்தவர்களுக்காகச் சுருக்கமாக. அம்மையப்ப முதலியார், மனைவி கோதாவரி. விசுவும் கமலா காமேஷும். மூன்று மகன்கள், ஒரு மகள். மூத்தவன் சிதம்பரம், ரகுவரன். அவன் மனைவி உமா, லட்சுமி. மகள் தான் விரும்பிய கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொண்டு போகிறாள். இரண்டாவது மகன் வீட்டில் புதுமணத் தம்பதிக்குத் தனிமை இல்லை. பரீட்சையில் தேறாத கடைசித் தம்பியின் படிப்பு நடுவில் வந்து நிற்கிறது. புது மருமகள் பிறந்த வீட்டுக்குப் போய்விடுகிறாள். வீட்டுச் செலவு இடிக்கிறது. மூத்தவன் தன் பங்குக்கு மேல் கொடுக்க மறுக்கிறான், வீட்டுக்குக் கொடுத்ததையெல்லாம் கணக்குப் பார்க்கிறான். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. நடுவீட்டில் கோடு விழுகிறது. அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நாங்கள்.

அந்தக் கோடு மேடைக்காரருக்குத்தான் தோன்றும். செட்டு மாற்ற வேண்டாம், சுவர் எழுப்ப வேண்டாம். தரையில் ஒரு வெள்ளைக் கோடு. ஒரு வீடு இரண்டு வீடாகிவிட்டது. அதன் பிறகு யார் எங்கே நிற்கிறார், யார் காலை எடுத்து வைக்கத் தயங்குகிறார் என்பதெல்லாம் தானாகவே கதையாகிவிடுகிறது. அசையாத கேமரா என்று சிரித்தோமே, இந்த இடத்தில் கேமரா அசைய வேண்டிய அவசியமே இல்லை.

இதில் இன்னொரு சேதி. வேலைக்காரி கண்ணம்மா, அதாவது மனோரமா, முதலில் கதையில் இல்லை. படம் ரொம்ப அழுத்தமாக இருக்கிறது, கலகலப்புக்கு ஒருவர் வேண்டும் என்று ஏவி.எம். சரவணன் கேட்டுக்கொண்ட பிறகு சேர்த்த பாத்திரம். இன்று அந்தப் படத்திலிருந்து கைப்பேசியில் அதிகம் சுற்றுவது மனோரமாவும் கிஷ்முவும் மோதும் காட்சிதான். கிஷ்மு, விசுவின் சொந்தத் தம்பி. தயாரிப்பாளர் சொன்னதை ஏற்றுக்கொண்டு, ஒட்டுப் போட்ட தையல் தெரியாமல் அதைக் கதையின் உயிராகவே மாற்றிவிட்டார். நிகழ்ச்சி எழுதும் நான், மேலதிகாரி ஒரு வரி மாற்றச் சொன்னாலே இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன்.

குறையும் உண்டு. தானே துணையைத் தேடிக்கொண்ட மகளுக்குப் படம் ஒரு பாடம் நடத்தாமல் விடுவதில்லை. சில இடங்களில் விசு பாத்திரத்தை விட்டு இறங்கிச் சபையைப் பார்த்துப் பேசுகிறார். இன்று பார்த்தால் நெளிய வைக்கும். இதையும் சேர்த்துத்தான் அவரைச் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்தக் கடைசிக் காட்சி!

உமா எல்லாரையும் சேர்த்து வைக்கிறாள். பிறந்த வீட்டுக்குப் போனவள் திரும்பி வருகிறாள். மகள் விஷயம் சரியாகிறது. சிதம்பரம் தலை குனிந்து மன்னிப்புக் கேட்கிறான். அப்பா மனசு இறங்குகிறார். இந்த இடத்தில் எந்தப் படமாக இருந்தாலும் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, சிரித்த முகத்தோடு முடித்திருக்கும். ரசிகர்களும் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்திருப்பார்கள்.

உமா அங்கேதான் வேண்டாம் என்கிறாள். நாங்கள் தனியாகப் போகிறோம் என்கிறாள். கோபத்தில் இல்லை. சேர்ந்தாயிற்று, இந்த அன்பு இப்படியே இருக்க வேண்டுமானால் கொஞ்சம் தள்ளி இருப்போம், நல்ல நாளில் வந்து கூடிக்கொள்வோம் என்கிறாள். ஒரு முறை விரிசல் விட்ட வீட்டில் மறுபடி சண்டை வராது என்று யாரும் எழுதித் தர முடியாதே. வீட்டை ஒட்ட வைத்தவளே அதைச் சொல்லும்போது யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை.

1986-இல், கூட்டுக் குடும்பத்தைக் கோயிலாகக் காட்டிக்கொண்டிருந்த சினிமாவில், 'குடும்பப் படம் எழுதுகிறவர்' என்று பேர் வாங்கியவரே அப்படி எழுதினார். அந்தக் குடும்பம் உடைந்ததற்கு யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதை அதுவரை கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார் அல்லவா? அப்புறம் எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று சொல்லி மட்டும் எப்படி முடிப்பது? திருந்தினாலும் அறை அதே அளவுதான், சம்பளம் அதே அளவுதான்.

விசு காலமானது 2020 மார்ச் 22, 74 வயதில். சிறுநீரகக் கோளாறு. இந்தியா முழுக்க மக்கள் ஊரடங்கு கடைப்பிடித்த ஞாயிற்றுக்கிழமை அது. நம் நாட்டில் அதற்கு நாலு நாளைக்கு முன், 18-ஆம் தேதி, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியிருந்தது. எல்லாரையும் வீட்டுக்குள் போட்டுப் பூட்டிய வாரத்தில் குடும்பக் கதை எழுதியவர் போய்விட்டார்.

நாங்கள் அப்போது அத்தை வீட்டில்தான் இருந்தோம். ஒரு தரை வீட்டில் ஏழு பேர். வேலைக்குப் போகும் அனுமதிக் கடிதம் எனக்கு மட்டும்தான் இருந்தது. நிலையத்தில் அவருக்காக ஒரு மணி நேர அஞ்சலி நிகழ்ச்சி செய்தேன். அழைத்த நேயர்கள் எல்லாரும் கோட்டைப் பற்றியே பேசினார்கள். ஒருவர் அழுதார். 'இப்ப எங்க வீட்டிலும் ஒரு கோடு வேணும் போலிருக்கு' என்று ஒருவர் சிரித்தார். கடைசிக் காட்சியைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. வானொலியில் நான் பேசுவதை அத்தை வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் ஏன் வீடு மாறினோம் என்று பெரிய மாமா இதுவரை கேட்டதில்லை, முடிவு மட்டும் சொல்வார். காரணம் ஒரு இரும்புக் கேட். எனக்குக் காலை நிகழ்ச்சி. நாலே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். எவ்வளவு மெதுவாகத் திறந்தாலும் அந்தக் கேட் தெருவையே எழுப்பும். மாமனார் விழித்துக்கொள்வார். அவருக்கு ஒரு தடவை தூக்கம் கலைந்தால் திரும்ப வராது. விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் அத்தை எழுந்து எனக்குக் காப்பி கலக்க வருவார். வேண்டாம் அத்தை என்றால் மனசு கஷ்டப்படுவார். குடித்தால் எனக்கு மனசு கஷ்டம். பகலெல்லாம் அவர் முகத்தில் களைப்பு. கேட்டுக்கு எண்ணெய் போட்டோம், சக்கரம் மாற்றினோம். வருடக் கணக்கில் இது ஓடியது. யாரும் யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. இதை விசுவிடம் கொடுத்திருந்தால் இரண்டரை மணி நேரப் படம் எடுத்திருப்பார்.

நாங்கள் போன பிறகு மூன்று மாதம் அத்தை என்னோடு சரியாகப் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் வரும், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே திரும்புகிறேன். சாயங்காலம் பெரிய மாமா கிளம்பிப் போனதும், அத்தை கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "அந்தப் படம் கிடைக்குமாம்மா?" என்றார். யூடியூப்பில் தேடித் தொலைக்காட்சியில் போட்டேன். ஆண்கள் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். நானும் அத்தையும்தான். முதல் தடவையாக அவர் ஒரு படத்தை முழுதாக உட்கார்ந்து பார்த்ததை நான் பார்த்தேன். மனோரமா வந்தபோது சிரித்தார். கோடு விழும்போது முகத்தில் ஒன்றும் இல்லை. கடைசியில் உமா பேச ஆரம்பித்ததும் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார்.

பிறகு சொன்னார். அவர் இந்தப் படத்தை முதலில் பார்த்தது காப்பார் பக்கத் தோட்டத்தில், கிராணி வீட்டு வீடியோவில். லயத்து ஆட்கள் எல்லாரும் அங்கேதான் கூடுவார்களாம். அத்தையின் மாமியார் முன் வரிசையில் பாயில் உட்கார்ந்திருக்கிறார். அத்தை என் கணவரை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருக்கிறார். உமா இந்தப் பேச்சைப் பேசியதும் அவர் மாமியார் எழுந்து, "படம் நல்லால்ல" என்று சொல்லி வெளியே நடந்துவிட்டாராம். டார்ச் லைட் வெளிச்சத்தில் வீடு வரைக்கும் யாரும் பேசவில்லை.

"அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல" என்றார் அத்தை. "கேக்கலாமான்னு நினைச்சேன். யார்கிட்ட கேக்கிறது?"

அதற்குப் பிறகு 19 வருடம் அவர் அந்த மாமியாரோடுதான் இருந்தார். கடைசி இரண்டு வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டதும் அவர்தான்.

"நீங்க வீடு மாறினப்ப மூணு மாசம் பேசாம இருந்தேன்ல. கோபம்னு நினைச்சிருப்பே."

"ஆமா அத்தை."

"கோபம் பாதிதான்."

மீதி என்ன என்று கேட்க வாயெடுத்தேன். "படத்தை நிறுத்திடாத, ஓடட்டும்" என்று சொல்லித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் சும்மா இருக்காது என்று மேலே எழுதினேன். அன்று இருந்தது.

இதையெல்லாம் எழுதலாமா என்று அத்தையிடம் கேட்டேன். "பேரைப் போடாதே" என்றார். போடவில்லை. நேற்றுக் காலை நிகழ்ச்சி முடிந்து காரில் ஏறும்போது போன் வந்தது.

"தம்பி பார்த்திருக்கிற கொண்டோவுல எத்தனை ரூம்?"

"மூணு அத்தை."

"அடுப்படி?"

"சின்னதாம்."

"சின்னது போதும். ரெண்டு பேருக்கு எதுக்குப் பெருசு? சரி, பெரிய மாமாகிட்ட நான் கேட்டேன்னு சொல்லாத."

சொல்லமாட்டேன். பெரிய மாமா இந்த மலரை வாங்கியதும் ராசிபலனைப் படிப்பார், பிறகு மடித்து வைத்துவிடுவார். இந்தப் பக்கத்துக்கு அவர் வந்ததே இல்லை.